‘பாட்டி உளர்றாங்க, சிஸ்டர்!’

இரவு ட்யூட்டி பார்த்த எல்லா நர்சுகளும் இந்த வரியைக் கேட்டிருப்பார்கள். இடுப்பெலும்பு முறிந்து சேர்ந்த எழுபத்தைந்து வயது அம்மா. மாலையில் மகளோடு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர். நள்ளிரவு தாண்டியதும் ட்ரிப்ஸ் ஏறும் கையை உதறுகிறார், இறந்துபோன தம்பியைக் கூப்பிடுகிறார், மாட்டை அவிழ்த்துக் கட்டச் சொல்கிறார். கட்டிலுக்குக் கீழே படுத்திருந்த மகள் பதறியடித்து வருகிறார். ‘வயசாயிடுச்சு இல்லையா, அப்படித்தான் இருக்கும், காலையில டாக்டர் வரட்டும்’ என்று பதில் சொல்லிவிடலாம். அந்தப் பதிலைச் சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் இந்த அத்தியாயம்.

முதுமை மெதுவாக வரும். ஒரே ராத்திரியில் வந்த குழப்பத்துக்கு ஏதோ ஒரு காரணம் உண்டு. பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் இருக்கும். நர்சிங் படிப்பில் நாளமில்லாச் சுரப்பிகளை ஓரிடத்தில் படிக்கிறோம், கண்ணையும் காதையும் வேறோரிடத்தில். மறதி நோயும் உணவுண்ணல் கோளாறுகளும் மனநல நர்சிங் பாடத்தில் வரும். பரீட்சைக்கு அது போதும். இந்த அம்மாவின் கட்டிலருகே நிற்கும்போது நான்கும் ஒன்றாகத் தேவைப்படும். அதனால் இங்கே பாடப்பிரிவுகளை விட்டுவிட்டு, கட்டிலருகே எதை முதலில் பார்ப்பீர்களோ அந்த வரிசையில் சொல்கிறேன்.

முதலில் சுகர்

நாடி, ரத்த அழுத்தம், மூச்சு, ஆக்சிஜன் அளவு ஆகியவற்றோடு குளுக்கோமீட்டரையும் கையில் எடுங்கள். ‘இவங்களுக்குச் சுகர் கிடையாதே’ என்று அட்டெண்டர் சொன்னாலும் பாருங்கள். சாப்பிடாத முதியவர், குடிப்பழக்கம் உள்ளவர், கிருமித்தொற்று ரத்தத்தில் பரவியவர், கல்லீரல் கெட்டவர் ஆகியோருக்குச் சர்க்கரை நோய் இல்லாமலே சுகர் இறங்கும். விரலைத் துடைத்துக் காயவிட்ட பிறகு நுனியின் பக்கவாட்டில் குத்த வேண்டும். கொஞ்சம் முன்பு பழம் சாப்பிட்ட கையைக் கழுவாமல் குத்தினால் மீட்டர் பொய்யாக அதிகம் காட்டும். டெக்ஸ்ட்ரோஸ் ஏறும் கையிலும் எடுக்காதீர்கள்.

70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் சிகிச்சை தொடங்க வேண்டும். 54-க்குக் கீழே போனால் அது அவசரநிலை. நினைவோடு இருந்து விழுங்க முடிகிறவருக்கு 15 கிராம், அதாவது ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பவுடரை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். பால், பிஸ்கட் எல்லாம் மெதுவாகவே சுகரை ஏற்றும். அவற்றைச் சுகர் ஏறிய பிறகு கொடுங்கள். வாக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வீட்டுச் சர்க்கரை சரியாக வேலை செய்யாது. அந்த மாத்திரைகள் குடலில் சர்க்கரை உடைவதைத் தடுப்பவை. அவர்களுக்குக் குளுக்கோஸ்தான் வேண்டும். நம் ஊரில் வாக்லிபோஸ் சேர்ந்த கூட்டு மாத்திரைகள் நிறையப் பேர் கையில் இருப்பதால் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்க்கும் பழக்கம் உதவும்.

நினைவு மங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பதற்றத்தில் உறவினர் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றி, அது நுரையீரலுக்குள் போய்விடுவது உண்டு. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி, மருத்துவர் ஆர்டர்படி நரம்பு வழியாகப் போக வேண்டும். முதலில் கொஞ்சம் சலைன் விட்டு வென்ஃப்ளான் சரியாக ஓடுகிறதா என்று பாருங்கள். அடர்ந்த டெக்ஸ்ட்ரோஸ் நரம்புக்கு வெளியே கசிந்தால் சதை வெந்துபோகும். நரம்பு கிடைக்கவில்லை என்றால் குளுக்ககான் 1 மில்லிகிராம் தசையில் போடலாம். உங்கள் வார்டில் அது இருக்கிறதா என்று தெரிந்து வைத்திருங்கள்.

கண்ணைத் திறந்து ‘என்னம்மா ஆச்சு?’ என்று அவர் கேட்டதும் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். உண்மையான ஆபத்து அதற்குப் பிறகுதான். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளால் இறங்கிய சுகர், டெக்ஸ்ட்ரோஸ் தீர்ந்ததும் மறுபடி இறங்கும். சிறுநீரகம் பலவீனமானவருக்கு மாத்திரை உடம்பை விட்டு வெளியேற நாளாகும். இவர்களை ஒரு முழு நாளாவது, தேவைப்பட்டால் அதற்கும் மேலாக, மணிக்கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. மெட்டோபுரோலால், புரோப்பனலால் சாப்பிடுகிறவருக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் மறையாது. ஃபேன் ஓடும்போது நெற்றியும் கழுத்தும் நனைந்திருந்தால் சுகரைப் பாருங்கள்.

இன்சுலின் ஊசியால் நேரும் தவறு ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்தியாவில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் மில்லிக்கு 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சு 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. பேனா கெட்டுப்போயிற்று என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு! வீட்டில் சிக்கனத்துக்காக இப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் செய்யும்போது ‘எந்த மூடி சிரிஞ்சு வச்சிருக்கீங்க? காட்டுங்க’ என்று கேளுங்கள்.

சுகர் ஏறினாலும் குழப்பம் வரும். 250-க்கு மேல் போய், ஆழமாக வேகமாக மூச்சு வாங்கி, வாயில் பழ வாசனை வந்தால் கீட்டோ அசிடோசிஸ் என்று நினையுங்கள். 600-ஐத் தாண்டி, மூச்சில் மாற்றம் இல்லாமல், நாக்கு காய்ந்து மந்தமாகக் கிடந்தால் அது வயதானவருக்கு வரும் வேறு வகை. இரண்டிலும் முதலில் திரவம். இன்சுலின் ட்ரிப் தொடங்கும் முன் பொட்டாசியம் எவ்வளவு என்று மருத்துவரிடம் கேளுங்கள். இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளும். ஏற்கெனவே குறைவாக இருந்தால் இதயம் நின்றுபோகலாம்.

தைராய்டும் ஸ்டீராய்டும்

சுகர் சரியாக இருக்கிறது. ஆனால் உடம்பு சில்லென்று இருக்கிறது, நாடி மெதுவாக ஓடுகிறது, முகம் உப்பி, குரல் தடித்திருக்கிறது. தைராய்டு மாத்திரையை எப்போதோ நிறுத்தியவராக இருக்கலாம். இவருக்குப் போர்வை போர்த்துங்கள். வெந்நீர்ப் பை வைக்காதீர்கள். சூடு பட்டால் ரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் சரிந்துவிடும். சாதாரண நாளில் தைராக்சின் பற்றி நோயாளிக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: காலையில் வெறும் வயிற்றில், காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு, கால்சியமும் இரும்புச்சத்து மாத்திரையும் நான்கு மணி நேரம் தள்ளி.

ஸ்டீராய்டு விஷயத்தில் கொஞ்சம் துப்பறிய வேண்டும். மூட்டு வலிக்கும் இழுப்புக்கும் பெயர் தெரியாத மாத்திரையையோ பொடியையோ மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் நம்மிடம் வருகிறார்கள். முகம் உருண்டு, தோல் காகிதமாக மெலிந்து, தொட்ட இடமெல்லாம் ரத்தம் கட்டியிருக்கும். ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் அந்த மாத்திரை நின்றுபோகிறது. இரண்டொரு நாளில் வாந்தி, சோர்வு, குழப்பம், ட்ரிப்ஸ் போட்டும் ஏறாத ரத்த அழுத்தம். ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி இவர்களைக் காப்பாற்றும், ஆனால் யாராவது சந்தேகப்பட்டால்தான் அந்த ஊசி எழுதப்படும். அந்த சந்தேகத்தை எழுப்ப நர்சுக்கே வாய்ப்பு அதிகம்; அட்டெண்டர் டாக்டரிடம் சொல்லாததை நம்மிடம் சொல்வார். பிரசவத்தில் ரத்தம் கொட்டி, பால் சுரக்காமலே போன பெண்ணுக்கும், கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவருக்கும் பல வருடம் கழித்துக்கூட பிட்யூட்டரி செயலிழந்து இதே நிலை வரலாம். அவர்களுக்குத் தைராக்சினுக்கு முன்பாக ஸ்டீராய்டு போக வேண்டும்.

கண்ணாடியும் காதும் எங்கே?

ஐசியூவுக்கோ ஆபரேஷன் தியேட்டருக்கோ போகும்போது நகைகளைக் கழற்றி அட்டெண்டரிடம் கொடுக்கிறோம். அதே மஞ்சள் பையில் மூக்குக் கண்ணாடியும் பல்செட்டும் காது மெஷினும் சேர்ந்து வீட்டுக்குப் போய்விடுகின்றன. பிறகு மங்கலான உருவங்கள், புரியாத ஒலிகள் நடுவே அந்த அம்மா கிடக்கிறார். சலைன் ஸ்டாண்டு மனிதனாகத் தெரிகிறது. கேள்வி கேட்டால் பொருத்தமில்லாத பதில் வருகிறது. நாம் ‘உளறல்’ என்று எழுதுகிறோம். கண்ணாடியையும் மெஷினையும் திரும்ப வரவழைப்பதற்கு எந்த டாக்டரின் ஆர்டரும் தேவையில்லை. என்னைக் கேட்டால், முதியோர் வார்டில் ஒரு நர்ஸ் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலைகளில் இது ஒன்று.

காது கேட்காதவரிடம் கத்தாதீர்கள். வயதால் முதலில் போவது உயர்ந்த சுருதி. கத்தும்போது நம் குரல் அந்தச் சுருதிக்குத்தான் ஏறுகிறது. மாஸ்க்கை இறக்க முடிந்தால் இறக்கி, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நின்று, தாழ்ந்த குரலில் நிதானமாகப் பேசுங்கள். காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா, மெஷினில் பேட்டரி தீர்ந்ததா என்று பாருங்கள். அமிகாசின், ஜென்டாமைசின் ஓடுகிறவரிடம் ‘காதுல இரைச்சல் கேட்குதா? தலை சுத்துதா?’ என்று தினமும் கேளுங்கள். அந்த மருந்துகள் கெடுத்த காது திரும்புவதில்லை.

ஒரு பக்கத் தலைவலியும் வாந்தியுமாக இருக்கும் வயதானவருக்கு ஒரு கண் சிவந்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதாகச் சொன்னால், டார்ச் அடித்துப் பாருங்கள். பாவை அரைகுறையாக விரிந்து, வெளிச்சத்துக்கு அசையாமல் நின்றால் அது கண் நீர் அழுத்தம் திடீரென ஏறிய நிலை. வயிற்றுக் கோளாறு என்று விடியும்வரை வைத்திருந்தால் பார்வை போய்விடும். இன்னொன்று: டிமோலால் சொட்டு மருந்தும் உடம்புக்குள் போகும் மருந்துதான். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சு முட்டும், நாடி குறையும். சொட்டுவிட்டதும் கண்ணின் உள் ஓரத்தை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் உள்ளே போவது குறையும்.

பார்வை மிகவும் குறைந்த சிலர், புத்தி முழுத் தெளிவாக இருக்கும்போதே, சுவரில் கோலங்களையும் குட்டி மனிதர்களையும் பார்ப்பார்கள். 1760-இல் சுவிட்சர்லாந்து அறிஞர் சார்ல்ஸ் பொனே தன் தாத்தாவுக்கு நேர்ந்ததை எழுதியதால் அவர் பெயரிலேயே இது அழைக்கப்படுகிறது. பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து அவர்கள் வெளியே சொல்வதில்லை. ‘இல்லாதது ஏதாவது கண்ணுக்குத் தெரியுதாம்மா? கண் மங்கினவங்களுக்கு அப்படி வர்றது உண்டு’ என்று நீங்களே கேட்டுவிட்டால் அந்தப் பயம் தணியும்.

டெலிரியமா, டிமென்ஷியாவா?

1990-இல் அமெரிக்க முதியோர் மருத்துவர் ஷாரன் இனூயே குழுவினர் வெளியிட்ட ‘கேம்’ முறை இன்றும் எளிதில் கைகொடுக்கும். திடீரென்று தொடங்கி ஏறி இறங்குகிறதா? கவனம் நிற்கவில்லையா? இந்த இரண்டும் இருந்து, கூடவே பேச்சில் தொடர்ச்சி இல்லாமலோ, விழிப்புநிலை மாறியோ இருந்தால் டெலிரியம். கவனத்தைச் சோதிக்க எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. ‘சனிக்கிழமையிலிருந்து பின்னாடியே சொல்லிட்டு வாங்கம்மா’ என்று கேளுங்கள். சனி, வெள்ளி, வியாழன் என்று வந்து, புதனில் நின்று, ஜன்னலைப் பார்த்து, கேள்வியையே மறந்துவிட்டால் கவனம் இல்லை. டிமென்ஷியா மாதங்களிலும் வருடங்களிலும் வளர்வது. ஆரம்பக் கட்டத்தில் விழிப்பும் கவனமும் ஓரளவு நன்றாகவே இருக்கும். மகளிடம் கேட்க வேண்டியது இது: ‘போன வாரம் எப்படி இருந்தாங்க?’ ஏற்கெனவே மறதி நோய் உள்ளவருக்கும் மேலாக டெலிரியம் வரும் என்பதால், ‘அவங்களுக்கு எப்பவும் இப்படித்தான்’ என்ற பதிலோடும் நிறுத்திவிடாதீர்கள்.

சத்தம் போடுகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். ‘பாட்டி சமத்தா தூங்குறாங்க’ என்று விட்டுவிடும் அமைதியான டெலிரியம்தான் தவறிப்போகிறது. தட்டி எழுப்பினால் கண் திறந்து, ஒரு வார்த்தை சொல்லி, மறுபடி சரிகிறவரைத் தூக்கம் என்று எழுதாதீர்கள்.

காரணம் தேடும்போது அடிவயிற்றில் கை வையுங்கள். நிரம்பிய மூத்திரப் பை, நான்கு நாள் மலச்சிக்கல், சொல்லத் தெரியாத வலி ஆகிய மூன்றும் நம் கைக்கு எட்டியவை. சிறுநீர்த் தொற்றும் நிமோனியாவும் முதியவருக்குக் காய்ச்சல் இல்லாமலே வரும். சோடியம் குறைந்திருக்கலாம், ரத்த அழுத்தத்துக்கான நீர் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். மருந்துச் சீட்டில் அவில், ஃபெனர்கன், டிரைஹெக்ஸிபெனிடில் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வழக்கமாக எழுதும் அந்த மருந்துகளே முதியவரின் மூளையைக் குழப்பி, மூத்திரத்தையும் அடைக்கும். சேர்ந்து இரண்டு மூன்று நாளில் நடுக்கமும் வியர்வையுமாகக் குழம்பும் ஆணிடம், கடைசியாகக் குடித்தது எப்போது என்று குரலில் கண்டிப்பு இல்லாமல் கேளுங்கள். அவருக்குத் தயமின் ஊசி குளுக்கோஸுக்கு முன்போ கூடவோ போக வேண்டும். சுகர் இறங்கியிருந்தால் தயமினுக்காக டெக்ஸ்ட்ரோஸைத் தள்ளிப்போடக் கூடாது.

கையைக் கட்டிப்போடுவது குழப்பத்தைக் கூட்டும். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று மகளை வெளியே அனுப்பாமல் இருப்பதே சில இரவுகளில் சிகிச்சை. ராத்திரி நாடி பார்ப்பது, மருந்து, படுக்கை மாற்றுவது மூன்றையும் ஒரே தடவையில் முடித்து, விளக்கைக் குறைத்துத் தூங்கவிடுங்கள். நடுங்கும் கை, விறைத்த நடை, தெளிவான மாயக்காட்சிகள் சேர்ந்திருந்த வரலாறு இருந்தால், ஹாலோபெரிடால் எழுதும் முன் மருத்துவர் காதில் அதைப் போடுங்கள். லூயி பாடி வகை மறதி நோயில் அந்த மருந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

சாப்பிடாத உடம்பு

மறதி நோய் உள்ளவர் சாப்பிடவில்லை என்றால் அடம் என்று முடிவு கட்டும் முன் கன்னத்துக்குள் பாருங்கள். விழுங்க மறந்த சோறு அங்கே இருக்கும். நிமிர்த்தி உட்காரவைத்து, சின்ன வாய்களாகக் கொடுத்து, முடிந்ததும் அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள்.

உணவுண்ணல் கோளாறு உள்ள இளம்பெண் நம்மிடம் மனநல வார்டு வழியாக வருவது குறைவு. மயக்கம், மாதவிடாய் நின்றது, வயிற்று உபாதை என்றே சேர்க்கப்படுகிறார். நாடி 50-க்குக் கீழே, மெல்லிய பூனைமுடி, கோடையிலும் ஸ்வெட்டர். வீட்டாரோ ‘ரொம்ப பக்திங்க, வாரத்துல மூணு நாள் விரதம்’ என்பார்கள். சாப்பிட்டு வாந்தியெடுப்பவருக்குக் கன்னத்தின் பக்கம் வீங்கி, விரல் மூட்டில் தழும்பு இருக்கும். 1979-இல் புலிமியாவை விவரித்த ஜெரால்டு ரஸ்ஸல் பெயர் அந்தத் தழும்புக்கு. இவர்களுக்குப் பொட்டாசியமும் ஈசிஜியும் உடனே தேவை. முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள பெண் திரும்பத் திரும்ப கீட்டோ அசிடோசிஸோடு வந்தால், எடை குறையட்டும் என்று இன்சுலினைத் தானே விடுகிறாரா என்று தனியாக, அம்மா இல்லாதபோது கேளுங்கள். தேறிவரும் பெண்ணிடம் ‘உடம்பு பூசினாப்ல ஆயிட்டே’ என்று அன்பாகக்கூடச் சொல்லாதீர்கள். அவர் காதில் அது ‘குண்டாகிவிட்டாய்’ என்றுதான் விழும். எடையைக் காலையில், சிறுநீர் கழித்த பிறகு, ஒரே வகை உடையில் பாருங்கள். சாப்பாட்டின்போது கூட உட்காருங்கள். முடிந்து ஒரு மணி நேரம் கழிப்பறைக்குத் தனியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று உணவு கொடுப்பது உயிரை எடுக்கலாம். மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் பொங்கும், பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றும் செல்லுக்குள் போய் ரத்தத்தில் வற்றும், தயமின் தீரும். அதிக ஆபத்துள்ளவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குப் பத்து கலோரிக்கு மேல் போகாமல் தொடங்கச் சொல்கிறது பிரிட்டனின் நைஸ் வழிகாட்டி. 35 கிலோ பெண்ணுக்கு அது 350 கலோரி. ‘இவ்வளவுதானா சிஸ்டர்? புள்ள எலும்பும் தோலுமா இருக்கே!’ என்று அப்பா பிரியாணிப் பொட்டலத்தோடு நிற்பார். அவரை உட்காரவைத்துக் காரணத்தைச் சொல்லுங்கள்; தடுத்தால் மட்டும் போதாது, நாம் இல்லாத நேரத்தில் ஊட்டிவிடுவார். டெக்ஸ்ட்ரோஸ் ட்ரிப்ஸும் உணவுதான் என்பதையும் மறக்க வேண்டாம். முதல் சில நாட்களில் கால் வீக்கம், மூச்சு வாங்குதல், நாடியில் தடுமாற்றம், புதிதாகக் குழப்பம் வந்தால் உடனே மருத்துவரைக் கூப்பிட்டு மூன்று உப்புகளையும் பார்க்கச் சொல்லுங்கள். இது அந்தப் பெண்ணுக்கு மட்டுமல்ல. குடிப்பழக்கம் உள்ளவருக்கும், காசநோயாளிக்கும், இரண்டு வாரமாகக் கஞ்சியில் ஓடிய நம் எழுபத்தைந்து வயது அம்மாவுக்கும் நடக்கும்.

ஹேண்ட்ஓவரில் ‘கன்ஃப்யூஸ்டு’ என்று ஒரே சொல்லில் முடிக்காதீர்கள். ‘இரவு 9 மணிக்குப் பெயர், இடம் சரியாகச் சொன்னார். 1.30-க்குக் கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்ல முடியவில்லை. சுகர் 112. கண்ணாடி வீட்டில் இருக்கிறது, மகன் காலையில் கொண்டுவருகிறார். மூத்திரம் எட்டு மணி நேரமாகப் போகவில்லை, டாக்டரிடம் சொல்லியாயிற்று’ என்று எழுதுங்கள். டிஸ்சார்ஜ் நாளில் வீட்டாருக்கு இரண்டு எண்களை எழுதிக் கொடுங்கள்: மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, முதியோர் உதவிக்கு 14567.

அடுத்த ட்யூட்டிக்குப் போனதும் எமர்ஜென்சி ட்ராலியைத் திறந்து, 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் இருக்கிறதா, காலாவதித் தேதி தாண்டவில்லையா, குளுக்கோமீட்டரில் பேட்டரியும் ஸ்டிரிப்பும் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.